வெள்ளி இரவு எப்போது வரும்

ஆஃப்ஷீனைப் போல நின்றுகொண்டே கனவு காணும் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பாகலூரிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். காலைப் பனியில் ரோஜாத் தோட்டத்துக் கூடாரங்கள் வெள்ளை வெள்ளையாக நகரும். இவளும் அவற்றோடு போய்விடுவாள். எங்களுக்கு பிரேக் பாகங்களைச் சோதிக்கும் வேலை. இரண்டு முறை பழுதான பாகத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் திம்மராயன் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. பத்துச் சின்னப் புதிர்களுக்கு புரோகிராம் எழுதிக் காட்டும் ஒருவருக்கு சாஃப்ட்வேர் பிரிவில் இடம். ஆனால் ஏன் இப்படிச் செய்கிறேன் என்பதை முதலில் மனிதர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும். புரோகிராம் வரிகள் அதற்கு நடுவே வர வேண்டும்.

"கதை எழுதச் சொல்றாங்கடி ரூபா!" என்று அவள் பூரித்துப்போனாள். எனக்கு எரிச்சல். நானும் போட்டியில் இருந்தேன். விடையைப் போட்டுவிட்டு, விளக்கத்தைக் கடைசியில் ஒப்புக்கு எழுதினேன்.

அவள் பஸ்ஸில் போனை மடியில் வைத்துக்கொண்டு புரோகிராம் எழுத ஒவ்வொன்றாகக் கற்றாள். சொல்லைத் திருப்பிப்போடும் முதல் புதிரில், 'பாகலூர்' என்று கொடுத்ததும் ‘பா’வின் துணைக்கால் தனியே கழன்று நின்றது. 'காலும் எழுத்தும் பிரியக் கூடாது, சேர்த்தே தூக்குகிறேன்' என்று எழுதிவிட்டு அதன்படி வரிகளைப் போட்டாள். எழுதும்போது அவள் முகம் தூங்கும் குழந்தையின் முகம் மாதிரி இருக்கும்.

பத்தாவது புதிர்: வெள்ளி இரவு எட்டு மணிக்கு இன்னும் எத்தனை மணி நேரம்? அனுப்பிய பிறகுதான் இருவர் விடையையும் ஒப்பிட்டோம். அவளுடையதில் இருபத்துநான்கு மணி நேரம் குறைந்தது.

"என்னாடி, ஒரு நாளையே முழுங்கிட்ட?"

"வெள்ளி ராத்திரின்னா வியாழக்கிழமை பொழுது சாஞ்சதும் வர்றதுதான? எங்கூட்ல அப்டித்தான் சொல்லுவோம்." சொல்லும்போதே அவளுக்குத் தப்பு புரிந்துவிட்டது. கண் கலங்கியது.

மறுநாள் இன்ஜினியர் வெங்கட் இருவரையும் கூப்பிட்டார். "பத்தும் சரி. இந்த எடத்துல ஏன் கழிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார். எங்கிருந்தோ பார்த்து எழுதியது, "விடை சரியா வருதுல்ல சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவளிடம் திரும்பினார். "'பொழுது சாய்ந்ததும் நாள் மாறும்'னு எழுதியிருக்கீங்க. தப்பு எங்கன்னு அந்த ஒரு வரியிலயே தெரிஞ்சுது. எப்படிச் சரிபண்ணுவீங்க?"

"'உங்க வீட்ல நாள் எப்ப மாறும்'னு புரோகிராமே மொதல்ல கேக்கணும் சார். எங்களுக்குப் பொழுது சாஞ்சதும். இவங்க வீட்ல விடிஞ்சாத்தான். கடிகாரத்தப் பாக்குற உங்களுக்கு நடுராத்திரி."

"ஒரு கேள்விக்கு மூணு பதிலா?"

"மூணு பேரும் நம்ம கம்பெனியிலதான் சார் இருக்கோம்."

வெங்கட் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை மேல சாஃப்ட்வேர் பிரிவுக்கு வந்துடுங்கம்மா" என்றார்.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆஃப்ஷீன் மெதுவாகக் கேட்டாள்:

"திங்கக்கிழமைன்னா எப்பலேர்ந்து சார்?"

அவர் சிரித்துவிட்டு ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்: காலை ஒன்பது மணி.