பின்னால் பறந்த கொடி

ரெமிஜியஸ் கப்பல் கட்ட உட்கார்ந்தால் முதலில் வாய்க்குள் ஒரு குச்சி போகும். கப்பலின் மூக்குக்கு வளைக்க வேண்டிய மெல்லிய மரச்சீவல் அது. மற்ற சீவல்களை வெந்நீரில் ஊறப் போடுவான். மூக்குச் சீவலை மட்டும் கடைவாயில் அடக்கிக்கொள்வான். எச்சிலின் சூட்டில் அது மெல்ல இளகும். நாக்கால் புரட்டிப் பார்த்து, பதம் வந்ததும் எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, காபி டம்ளரின் மேல் வளைத்து நூலால் கட்டுவான். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் ‘ம்’ மட்டும்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், கப்பல் இல்லாவிட்டாலும் பிள்ளை வாயில் குச்சி ஏறிவிடுகிறது என்று அவன் அம்மா அன்னம்மாள் சந்தெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வீடு பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால். வேலை, ரெசிடென்சி சாலையில் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது. நான்காம் மாடியில் ஒரு கப்பல் ஏஜென்சி இருந்தது. அதன் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூன்று பாய்மரங்களில் பாய் விரித்த பொம்மைக் கப்பல். இரும்புக் கதவைத் திறந்து மூடுகிற நேரம்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும். நாளடைவில் அந்த மாடியில் மட்டும் கதவு மூடச் சோம்பியது. வாட்ச்மேன் மஞ்சுநாத் கண்டுபிடித்துவிட்டான்.

“ஏன் குரு, மேலயும் கீழயும் போறவனுக்குக் கப்பல் எதுக்கு? குறுக்கால போனா உனக்குத் தலை சுத்தாதா?”

ரெமிஜியஸ் கடலைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனார்கள். போன இடத்தில் அம்மை போட்டுவிட்டது. சத்திரத்தின் மூடிய அறைக்குள் வேப்பிலைமேல் படுத்தபடி கடலின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். வளர்ந்த பிறகும் அந்தச் சத்தம் எங்கேயோ ஒரு கதவுக்கு அப்பால் இருந்துகொண்டே இருந்தது.

முதல் கப்பலைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் கட்டினான். பாய்மரத்துக்கு ஊதுபத்திக் கம்பெனியின் மூங்கில் குச்சி. பாய்களை அம்மா தைத்துத் தந்தாள். வாசலில் பசை காயக் கப்பலை வைத்திருந்தபோதுதான் பிலோமி அதைப் பார்த்தாள். பின்கட்டு அறையில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் நான்கு பேர் குடியிருந்தார்கள், அதில் ஒருத்தி. தூத்துக்குடிக்காரி. அவள் அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணியில் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர்.

குனிந்து பாயை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தவள், இது காற்றைப் பிடிக்காது, கஞ்சி வடிக்கத்தான் ஆகும் என்றாள். கழற்றிக்கொண்டு போய்ப் புதிதாகத் தைத்துக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு எல்லாக் கப்பலுக்கும் அவள்தான் பாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவாள். மல் துணியில் மூட்டித் தருவதை அவன் சோற்றுக் கஞ்சியில் முக்கி, எரிகிற பல்பின் வயிற்றில் ஒட்டிக் காயவைப்பான். காற்று நிரம்பியதுபோல அது புடைத்துக்கொள்ளும்.

சந்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் அவன் ‘ரெமிஜியஸ் அண்ணா’. பிலோமியும் ஆரம்பத்தில் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல் காணாமல் போனது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. ‘இந்தாங்க’, ‘இதப் பாருங்க’, அவ்வளவுதான். அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்டில் நின்றபடி அவள் பேசிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே அந்த ‘அண்ணே’ வந்திருக்கலாம், எங்கே வராமல் நின்றது என்று பார்ப்பான். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கப்பலைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினான், பாய்கள் கூடுதலாகத் தேவைப்படும்படி.

கொடி மட்டும் அவனுடைய சொந்த யோசனை. ஏஜென்சிக் கப்பலில் கொடி கிடையாது. சிவப்புத் துணியைக் குச்சியில் ஒட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, உயரமான மரத்தின் உச்சியில் பின்பக்கமாகப் பறக்கும்படி செருகுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிலோமி உதட்டைக் கடித்துச் சிரிப்பாள். மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

அந்த வருஷம் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தைக்கத் துணி எடுக்கவில்லை. எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவன் வாயில் குச்சி இருந்தது.

“அப்பா வரச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை பாக்காங்களாம்.”

அவன் ‘ம்’ என்றான். குச்சி எப்போதோ பதமாகிவிட்டிருந்தது. துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்த பெரிய கப்பலைக் காட்டி, கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். தலையாட்டினான். வாசல்படியில் நின்று திரும்பிச் சொன்னாள்.

“கொடி தப்பாப் பறக்கு. எங்க ஊருக்கு ஒருதரம் வாங்க, காட்டுதேன்.”

ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் வாங்க என்றுதான் சொல்வார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான். ‘தப்பு’ என்றதுதான் உறுத்தியது. கடல் தெரியாதவன் என்று குத்திக்காட்டிவிட்டாளோ? நவம்பரில் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவம் வந்தது. மஞ்சள் சிவப்புக் கொடி கட்டிய ஆட்டோக்கள் கட்டடத்தைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு கொடியும் பின்னால்தான் பறந்தது. மஞ்சுநாத்தைக் கூப்பிட்டுக் காட்டினான். வண்டி முன்னால் போனால் கொடி பின்னால்தான் போகும், இதில் என்ன சந்தேகம் என்றான் அவன். ரெமிஜியஸுக்குத் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் தூத்துக்குடிக்குப் போகாமலே இருந்துவிட்டான். பிலோமி வீட்டில் பேசிப் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்ட அன்றும் வாயில் குச்சி இருந்தது.

பிலோமிக்குக் கல்யாணமாகிவிட்டது என்று பின்கட்டுப் பெண்கள் சொன்னபோது இரண்டு கோடை போயிருந்தது. அதற்குப் பிறகு பாய்களை அவனே தைத்தான். கொடி எப்போதும்போல.

இன்னும் சில வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, நவநாள் பூசைக்கு வந்த இளைஞன் ஒருவன் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தான். மதலைமுத்து, பிலோமியின் தம்பி. வேலை தேடி பெங்களூருக்கு வந்திருந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியில் வரிசையாக நின்ற கப்பல்களைப் பார்த்தவன், அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

“என்னண்ணே, எல்லாத்துலயும் கொடி தப்பாவே பறக்கு.”

ரெமிஜியஸ் ஆட்டோக் கொடிகளைச் சொன்னான்.

“ஆட்டோவுக்கு இன்ஜின் இருக்குண்ணே. இதுக்குக் காத்துதான இன்ஜின்? பின்னாலருந்து பாயத் தள்ளுத காத்து கொடிய மட்டும் விட்டுருமா? அதுவும் முன்னாலதான் பறக்கும்.”

பாய்கள் ஒரு பக்கம் புடைத்திருந்தன. கொடிகள் எதிர்ப்பக்கம் நீண்டிருந்தன. இத்தனை வருஷம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தும் ரெமிஜியஸுக்கு அது கண்ணில் பட்டதில்லை.

தங்கள் வீட்டிலும் அவன் கப்பல் இப்படித்தான் நின்றது என்றான் மதலைமுத்து. மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். அப்பா பார்த்த முதல் நாளே கொடியைத் திருப்பக் கை வைத்தாராம். அக்கா விடவில்லை. கட்டினவர் வருவார், வந்து அவரே திருப்பட்டும் என்றாளாம். யாரும் அதைத் தொடக் கூடாது.

இப்போதும் அப்படியேவா இருக்கிறது என்று ரெமிஜியஸ் கேட்டான்.

“இல்லண்ணே. கல்யாணத்தன்னைக்குக் காலையில, கோயிலுக்குப் புறப்படும்போது, அக்காவே திருப்பி வச்சிட்டுப் போனா.”