பெயின்ட் மேல் போட்ட எர்த்

என் தங்கை பிறந்தபோது பிழைக்காது என்றார்கள், பிழைத்தாள். அம்மா படுத்த படுக்கையானபோது எங்களில் ஒருவர்தான் பள்ளிக்குப் போக முடிந்தது. நான் எட்டாவது வரை போனேன், அவள் ஒரு நாளும் போகவில்லை. கார் கழுவச் சேர்ந்த கடையிலேயே இரண்டு வருடத்தில் ஸ்டீரியோ மாட்டும் ஆளானாள். ஆறு ஆண்கள் இருந்தும் 'அந்தப் பொண்ணுகிட்டயே குடுங்க' என்று வண்டியை விட்டுப் போனவர்கள் உண்டு. இவ்வளவையும் பெருமையாகச் சொல்வேன். இனிச் சொல்வதற்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கடையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைச் சீட்டு. முடித்தவர் கையெழுத்திட வேண்டும். வண்டி கோளாறாகித் திரும்பினால் முதலாளி முதலில் தேடுவது அந்தக் கையெழுத்தை. நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். அவள் சீட்டுகளில் அவள் பெயரை ஒன்பது வருடம் நான் போட்டேன், எழுத்தைச் சாய்த்து, என் கை என்று தெரியாதபடி. சொல்லிக் கொடுத்திருக்கலாம். போட்டுக் கொடுப்பது சுலபமாக இருந்தது. சீட்டோடு அவள் என்னைத் தேடி வருவதும் பிடித்திருந்தது.

2018 ஜூன் 25, திங்கட்கிழமை. சனிக்கிழமை முடித்து அனுப்பிய டாக்சி திரும்பி வந்தது.

"பாட்டு போட்டா கூடவே ஒரு கொசு பாடுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா அதுவும் சுருதி ஏத்துது" என்றார் டிரைவர்.

முதலாளி சீட்டைப் பார்த்தார். தங்கையின் பெயர். "நல்லா இருக்கும்மா உன் வேலை! நாளைலேர்ந்து பழையபடி கார் கழுவப் போ."

முன்பக்கம் அவள் மாட்டியது. டிக்கியில் ஆம்ப்ளிஃபயரை மாட்டி எர்த் ஒயரைத் திருகியது நான். 

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்றாள். இன்ஜினை அணைத்தாள், கொசு நின்றது. ஓடவிட்டாள், வந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து சிக்னல் ஒயரைப் பிடுங்கினாள், நின்றது. மறுபடி செருகிவிட்டு எர்த் திருகைக் கழற்றினாள். வாஷருக்குக் கீழே பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. பெயின்ட் கரண்டைக் கடத்தாது; வெறும் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் இரைச்சல் சிக்னல் ஒயர் வழியாகப் பாட்டில் கலக்கும். சனிக்கிழமை அவசரத்தில் நான் சுரண்டவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, உப்புத்தாள் எடு" என்றாள், அவ்வளவுதான். தேய்த்தாள், திருகினாள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். பாட்டு மட்டும் கேட்டது.

"சரி பண்ணிட்டே, சரி. கெடுத்ததும் நீதானே?" என்றார் முதலாளி.

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. "அது நான் போட்ட எர்த் சார். அந்தக் கையெழுத்தும் நான் போட்டது. அவளுக்கு எழுதத் தெரியாது."

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, இத்தனை கலர் ஒயர் தெரியுது, அ ஆ தெரியலையா?" என்று டிரைவர் சிரித்தார். அவள் ஸ்குரூடிரைவரைத் துணியில் துடைத்தபடி நின்றாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்கதான் இனிமே வண்டியைத் தொடணும்" என்றார் முதலாளி. எனக்கு ஒரு திட்டு. அவளுக்குப் பக்கெட்டும் துணியும்.

வீட்டில் கேட்டாள்: "உன் தப்பை ஒத்துக்கிட்டே. என் மானத்தை எதுக்கு சேர்த்துக் கப்பலேத்தினே?"

மறுநாள் நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்தேன். அவள் தொடவில்லை. கடையில் சீட் கவர் தைக்கும் அக்காவிடம் போய், சாப்பாட்டு நேரத்தில் சாக்பீஸால் வெட்டுத்துணியில் எழுதிப் பழகினாள். நான் அந்தப் பக்கம் போனால் துணியை மடித்துவிடுவாள். ஏழு வாரம் கார் கழுவினாள்.

பிறகு ஒரு வேனின் ஸ்பீக்கர் கரகரப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் முதலாளியே அவளைக் கூப்பிட்டார். கதவுக்குள் நசுங்கியிருந்த ஒயரை மாற்றிவிட்டு, சீட்டை அவளே கேட்டு வாங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை. எழுத்து நேராக நின்றது, நான் போட்ட சாய்வு அதில் இல்லை. அன்று 2018 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை.