நூறு சதவீதம் பருத்தி

பின்லாந்துக்குப் புறப்பட்டபோது என் மனைவிக்கு ஒரு ஆசை இருந்தது, எனக்கு ஒரு கவலை இருந்தது. உறைந்துபோன ஏரியின் மேல் ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அந்த ஏரியை மூன்று குளிர்காலமாகக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை எப்படிக் கூட்டிப் போகிறேனோ அப்படியே திருத்தங்கலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் கவலை. அவளுக்கு அறுபத்தொன்று, எனக்கு அறுபத்தெட்டு. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் பாஸ்போர்ட்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் கதவுகளை எண்ணினேன். எட்டு. இருக்கைகளை வரிசையால் பெருக்கிப் பார்த்தேன். முந்நூற்றுக்கு மேல்.

"எட்டு வாசலுக்கு முந்நூறு பேர்" என்றேன்.

"அப்ப இறங்கிருவமா?" என்றாள். விமானம் அதற்குள் நகர ஆரம்பித்திருந்தது.

நான் அப்படி எண்ணியதற்குக் காரணம் உண்டு. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் போர்மேனாக இருந்தேன். அங்கே ஒரு அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக உள்ளே நுழைந்தாலும் விடமாட்டேன். வெடிக்கும் கலவையை நாங்கள் மருந்து என்போம். மருந்து கிடக்கும் இடத்தில் தீப்பெட்டியைவிட நான் பயந்தது துணிக்கு. நைலான், பாலியெஸ்டர், கம்பளி, பட்டு இவையெல்லாம் உடம்போடு உரசி உரசி மின்சாரம் சேர்த்துவைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். அதனால் எல்லோருக்கும் பருத்திதான். வாசலில் மண்ணோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு சேலை முந்தானையையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவேன். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு பெண்ணை அவளுடைய தலைதீபாவளிச் சேலையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் என்னை ஏசியது மூன்று அறை தாண்டிக் கேட்டது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் என் பொறுப்பிலிருந்த பதினெட்டு அறைகளில் ஒன்றில்கூட எதுவும் நடக்கவில்லை.

இந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் இருந்தது. வீட்டில் மருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் அலமாரியில் பருத்தி தவிர வேறு துணி கிடையாது. யாராவது கேட்டால் என் மனைவி சொல்வாள்: "தாலி கட்டுறப்ப மட்டும் பட்டு உடுத்த விட்டாக. அதுக்கும் மொகம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

மகள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மருமகன் வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போயிருந்தார். வெளியே மைனஸ் பதினாறு. உள்ளே சட்டையோடு உட்காரும் அளவுக்கு வெப்பம். போய்ச் சேர்ந்த அன்று குளியலறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டேன். சுளீர் என்று விரலில் அடித்தது. நீலமாக ஒரு பொறி. நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

"ஸ்டாட்டிக்பா" என்றாள் மகள். "காத்துல ஈரமே இல்ல பாருங்க. இங்க எல்லாத்துக்கும் அடிக்கும். கொஞ்ச நாள்ல பழகிரும்."

பழகிவிடுமாம். அன்று தூங்கப் போவதற்குள் பதினான்கு முறை அடித்தது. மறுநாள் காலை எல்லா அறைகளிலும் சட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். சுவரோரம் இருந்த வெப்பக் குழாய்களின் மேல் ஈரத் துண்டுகளை விரித்தேன். எங்கள் ஊரில் காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் தரையில் தண்ணீர் தெளிப்போம், அந்த முறைதான். பதினான்கு ஒன்பதாகக் குறைந்தது. எதையும் தொடுவதற்கு முன்னால் கையில் சாவியைப் பிடித்து அதனால் குழாயைத் தொட்டுக்கொண்டேன்.

"சமையலுக்கு கேஸ்கூட இல்லப்பா, கரண்ட் அடுப்புதான்" என்றாள் மகள். "இங்கன என்ன பத்திக்கிரப் போகுது, சொல்லுங்க."

ஒன்றும் பற்றாது என்று எனக்கும் தெரியும். புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அறையில் விளக்குப் போடாமல் என் மனைவி மேல்சட்டையைக் கழற்றினாள். எங்கள் இரண்டு பேருக்கும் மகள் வாங்கி வைத்திருந்த உடுப்புகள் அவை: உடம்போடு ஒட்டிய கம்பளி உள்சட்டை, அதன் மேல் பஞ்சு போன்ற செயற்கை நூல் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் கனமான கோட்டு. நான் அன்றுவரை என் பங்கைத் தொடவில்லை. அவள் தலைவழியே சட்டையை உருவியபோது சடசடவென்று சத்தம் வந்தது. கழுத்திலிருந்து கைவரை நீலப் பொறிகள் ஓடின. நான் எண்ணியது பதினொன்று. அவள் சிரித்தாள்.

"ஏங்க, பாத்தீகளா? கம்பி மத்தாப்பு மாதிரி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பொறுப்பில் உள்ள ஒரு ஆள், அதுவும் என் மனைவி, பொறி பறக்க நிற்கிறாள். முப்பத்தொரு வருடம் யாரையெல்லாம் திருப்பி அனுப்பினேனோ அத்தனை பேரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போனதும் கம்பளியையும் செயற்கை நூல் சட்டையையும் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். என்னுடைய பருத்திப் பனியன்களில் நாலை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"நாலு பனியனைப் போட்டா ஒரு கம்பளிக்குச் சமம். அதுக்கு மேல அரைக்கை ரவிக்கை. அதுக்கு மேல கோட்டு. கோட்டு உடம்புல படாது, அதனால பரவாயில்ல."

"எனக்கு அந்தக் கம்பளி இதமாத்தான இருந்துச்சு."

"சொன்னாக் கேளு."

அவள் பனியன்களைக் கையில் வைத்து எடைபோட்டுப் பார்த்தாள். "சரி. போட்டுக்கிறேன். ஆனா இன்னைக்கு ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்தக் கரையில நின்னு எட்டிப் பாக்குறதுக்கு இல்ல. நடந்து அந்தக் கரைக்குப் போகணும். அங்கன இருந்து வீட்டுக்குத் திரும்ப பஸ்சு இருக்குன்னு மக சொல்லிருக்கா."

ஒப்புக்கொண்டேன். இதை எழுதும்போது நினைத்துப் பார்க்கிறேன், எனக்கே தெரியாத அந்த நாலு பனியன் கணக்கை நம்பி அவள் எவ்வளவு சுலபமாக ஏமாந்தாள், நான் எவ்வளவு சுலபமாக ஏமாற்றினேன் என்று. நான் அப்போது அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. பாதுகாப்பு என்று நினைத்தேன்.

ஏரியில் ஆட்கள் நடந்த தடம் பனியில் சாலைபோல் தெரிந்தது. அதற்கு அடியில் தண்ணீர் என்று நினைத்து ஒவ்வொரு அடியாக எண்ணி எண்ணி வைத்தேன். அவள் மகளுடைய கால்சட்டையும் பூட்சுமாக எனக்கு முன்னால் போனாள். வீட்டில் மாடிப்படி ஏற முழங்காலைப் பிடிக்கிறவள், அங்கே ஓடினாள். பனியை அள்ளி உருட்டித் திரும்பி என் மேல் எறிந்தாள். நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து, பனியைக் கையால் தள்ளித் தள்ளி அடியில் இருந்த கருத்த பனிக்கட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம ஊர்க் கம்மாயி இப்பிடி ஆனா எப்பிடி இருக்கும்!"

"நம்ம கம்மாயில தண்ணி கெடந்தாத்தான ஒறையும்" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

அந்தக் கரை சேர இரண்டாயிரத்து நூற்றுப் பத்து அடி. அதற்கப்புறம் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு மேடு ஏற வேண்டியிருந்தது. ஏறி முடித்தபோது அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. குளிரில் வேர்க்கிறதே, அப்படியானால் பனியன் கணக்கு சரிதான் என்று எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது. பலகையில் நேரம் பார்த்தேன். பஸ் போய் நாலு நிமிடமாகியிருந்தது. அடுத்தது முப்பத்தாறு நிமிடம் கழித்து.

நின்றோம். நான் ஏரியில் மெதுவாக வந்தவன், எனக்கு வேர்க்கவில்லை. அவள் பத்து நிமிடத்தில் நடுங்க ஆரம்பித்தாள். கைகளைத் தேய்த்துவிட்டேன். மகளைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தால் அது குளிரில் அணைந்து கிடந்தது. பதினேழாவது நிமிடம் அவள் கேட்டாள்:

"ஏங்க, இந்தப் பஸ்சு திருத்தங்கல்ல நிக்குமா?"

நான் சிரித்தேன். அவள் பேச்சே அப்படித்தான். "நிக்கும், ரயில்வே கேட்டு கிட்ட இறங்கிக்கிரலாம்" என்றேன்.

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "திருத்தங்கல்ல நிக்குமா?" நாக்கு குழறியது. முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நடுக்கம் நின்றுபோயிருந்தது. நடுக்கம் நின்றது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். உடம்பு தோற்றுப்போனால்தான் நடுக்கம் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நேரம் ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு மேட்டில் வந்தார். என் வயது இருக்கும். எங்களைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். என் மனைவி முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, கேட்காமலேயே அவள் கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்த விரல்கள் ஈரமாக இருந்தன. என்னிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் கேட்டார்.

"காட்டன்?"

வாசலில் நின்று முந்தானை தடவிய ஆள் அல்லவா நான். பெருமையாகவே சொன்னேன். "யெஸ். ஹண்ட்ரட் பர்சென்ட் காட்டன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எந்த மொழியிலும் எழுத முடியாது. அவள் அக்குளில் கை கொடுத்து நடத்த ஆரம்பித்தார். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் வீட்டுக்கு நூற்று நாற்பது அடி. அந்த நூற்று நாற்பதுதான் என் வாழ்நாளில் எண்ணியதிலேயே நீளமான எண்ணிக்கை.

உள்ளே போனதும் அவர் அந்தப் பனியன்களை ஒவ்வொன்றாக உரித்தார். நாலும் தண்ணீரில் முக்கியதுபோலக் கனத்தன. உடம்பைத் துடைத்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். போட்டுவிட வேண்டியது நான். தலைவழியே மாட்டி இழுத்தேன். சடசடவென்றது. அவள் முடி எழுந்து நின்றது, என் விரல்களில் மூன்று முறை அடித்தது. கையை எடுக்கவில்லை. மேலே இன்னொன்று, அதன் மேல் போர்வை. காலுக்கு இரண்டு ஜோடி உறை. அந்தப் பெண் தன் கைப்பேசியில் யாரோ மருத்துவத் தாதியிடம் பேசி, சொன்னதைச் செய்தார். இனிப்புப் போட்ட சூடான சாறு ஒன்றைக் கரண்டியால் புகட்டினார்.

இருபது நிமிடம் கழித்து மறுபடி நடுங்க ஆரம்பித்தாள். நான் பயந்துபோய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் முதல் தடவையாகச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினார். அரைமணி நேரத்தில் என் மனைவி கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"யார் வீடு இது? இவுகளுக்கு நாம என்ன சொந்தம்?"

வீட்டுச் சூட்டில் கைப்பேசி உயிர் பெற்றதும் நான் கூப்பிட, மகள் வேலையிடத்திலிருந்து ஓடி வந்தாள். அம்மாவைத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். பிறகு தரையில் கிடந்த பனியன்களைப் பார்த்தாள்.

"யாரு இதப் போட்டுவிட்டது? நான் வாங்குன கம்பளி எங்க?"

"நான்தான்" என்றாள் என் மனைவி, போர்வைக்குள்ளிருந்து. "அது கடிச்சுச்சு. கழட்டி வச்சிட்டேன்."

அப்படியே விட்டிருக்கலாம். அவள் என்னை அப்படி விடச் சொல்லித்தான் பார்த்தாள்.

"அவ இல்ல" என்றேன். "நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். பொறி பறந்துச்சு."

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பா, பருத்தி வேர்வையக் குடிச்சு வச்சுக்கிரும். ஈரத்தோட இந்தக் குளிர்ல நின்னா என்னாகும்னு இங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்" என்றாள், மெதுவாக. பிறகு அந்தப் பெண்ணிடம் அவர் மொழியில் எதையோ நீளமாகச் சொன்னாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். இரக்கமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

மறுநாள் முழுக்க என் மனைவி படுத்திருந்தாள். அடுத்த நாள் அவளே பெட்டியைத் திறந்து அடியில் இருந்ததை எடுத்தாள். கம்பளி, செயற்கை நூல், எல்லாம் போட்டாள். மகளும் விடுப்பு எடுத்திருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"ஏரிக்கு."

"இன்னொரு நாள் போகட்டுமே. மைனஸ் பதினெட்டு காட்டுது."

"நீங்க வர வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இங்கனயே இருங்க."

ஜன்னலில் நின்றேன். இரண்டு புள்ளிகள் பனியில் சிறுத்துக்கொண்டே போயின. ஒரு இடத்தில் அதில் ஒன்று குனிந்தது. குனிந்தே இருந்தது. கோட்டை எடுத்து மாட்டிவிட்டேன். பிறகு அது நிமிர்ந்தது. கோட்டைக் கழற்றி வைத்தேன். அறைக்கும் ஜன்னலுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

ஐம்பத்தெட்டு நிமிடம் கழித்து வந்தார்கள். அவள் மூக்கு சிவந்திருந்தது. கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன், அந்தப் பெண் செய்ததைப் போல. உலர்ந்திருந்தது, சூடாக இருந்தது. அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

"எவ்வளவு தூரம் போனீக?"

"யாரு எண்ணுனா" என்றாள். மேல்சட்டையை உருவினாள், சடசடவென்றது. "நாளைக்கும் போறோம். வந்தா உங்க கம்பளியப் போட்டுட்டு வாங்க. இல்லைனா ஜன்னல்லயே நில்லுங்க."

மறுநாள் போட்டேன். கழுத்து அரித்தது. ஏரி முழுக்க அரித்தது. சொறிந்துகொண்டே அவள் பின்னால் நடந்தேன்.