நான்கு பெயரில் ஒரு நெஞ்சு

சந்தேகம் என் பிறவிக் குணம். பால்காரர் அளந்து ஊற்றும்போது நான் பாலைப் பார்க்க மாட்டேன், படியை அவர் எப்படிச் சாய்க்கிறார் என்று பார்ப்பேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையை இந்தப் பக்கம் மாற்றிக்கொள்வேன். இந்தக் குணத்தோடு குடும்பம் நடத்துவது சிரமம் என்று அம்மா சொல்வார். ஆனால் எக்ஸ்ரே படிக்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. வெளிச்சப் பெட்டியில் மாட்டிய படம் எதுவானாலும், குற்றவாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே துறையில் சேர்ந்தேன். ஊருக்குள் சி.டி. ஸ்கேன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் அந்த இயந்திரத்தைச் சுற்றி ஆராய்ச்சி செய்யப் போட்டி போட்டார்கள். எனக்குக் கிடைத்தது பழைய எக்ஸ்ரே இயந்திரமும் ஒரு நூற்பாலையும். பல வருடம் பஞ்சுத் தூசியில் வேலை செய்த நிரந்தரத் தொழிலாளர்களின் நெஞ்சை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, நுரையீரலில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வியாழக்கிழமைதோறும் அன்னூர்ப் பக்கத்திலிருந்து மில் வேன் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு வரும். முதல் முறை வரும்போது ஒவ்வொருவரிடமும் நானே சொல்வேன்: “உங்க படம் மில்லுக்குப் போகாது. பயப்படாதீங்க.” எல்லோரும் “சரிங்க டாக்டரம்மா” என்று தலையாட்டுவார்கள். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்பது அவர்கள் பயம். அது நியாயமான பயம் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது சுற்றில் நான் ஆட்களைப் பார்க்கவில்லை, கழுவி வந்த படங்களை மட்டும்தான் பார்த்தேன். அதில்தான் அதிசயம் நடந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் நுரையீரலில் பழைய தழும்போடு இருந்த ஒருவர், இப்போது பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக இருந்தார். இரண்டு வாரம் கழித்து இன்னொருவர். பிறகு மூன்றாவது ஆள். நுரையீரல் தழும்பு அப்படி மறையாது. மருந்து கொடுத்தாலே மறையாது, நாங்கள் கொடுத்ததோ ஒரு டம்ளர் டீ.

உடனே என் கண் டெக்னீசியன் மேல் போனது. நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், அன்னூரிலிருந்து வருபவர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்த வரிசை எண்ணை ஈய எழுத்தில் கோர்த்துப் படத்தின் மூலையில் வைப்பவர் அவர்தான். படத்தைக் கழுவுவதும் அவர்தான். அவருடைய தங்கை வீட்டுக்காரர் அதே மில்லில் வேலை பார்க்கிறார் என்று கேன்டீனில் காதில் விழுந்தது. ஒரு வியாழக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தால், தொழிலாளர்களோடு தொழிலாளராக மில் வேனிலிருந்து இறங்குகிறார். எனக்கு அது போதும். தூசியால் நோய் வருகிறது என்று வெளியே தெரியாமலிருக்க மில்லுக்காரர்கள் இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, நோயாளியின் எண்ணைத் தூக்கி ஆரோக்கியமானவர் படத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். விசாரிக்கவில்லை, முடிவுதான். நேராகத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுநாளே அந்த மனிதரை ஆராய்ச்சி வேலையிலிருந்து எடுத்து, இருட்டறையில் படம் கழுவ மட்டும் போட்டார். போகும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“நான் என்னுங்க மேடம் தப்பு செஞ்சுபோட்டேன்?”

“உங்களுக்கே தெரியும்” என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் கூசுகிறது.

இப்போது ஆதாரம் தேடவேண்டும். இரண்டாம் சுற்றின் படங்களையெல்லாம் உறையிலிருந்து உருவி, ஒரு மத்தியானம் வரிசையாக மாட்டினேன். நுரையீரலைப் பார்க்காமல் எலும்புகளைப் பார்த்தேன். சளியும் நிழலும் வரும் போகும், எலும்பு பொய் சொல்லாது. ஒரு படத்தில் வலது பக்கம் நான்காவது விலா, முன்பக்கம் வந்ததும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும், அபூர்வம்தான். அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு நகர்ந்தேன். நான்கு படம் தாண்டி மறுபடியும் அதே கவட்டை. அதற்கப்புறம் இன்னொன்று. மொத்தம் நான்கு. நான்கிலும் இடது காரை எலும்பில் எப்போதோ ஒடிந்து கூடிய அதே முண்டு. நான்கு பெயர், நான்கு வயது, ஒரே நெஞ்சு.

ஆக, எண்ணை யாரும் மாற்றவில்லை. ஆளே மாறி வந்திருக்கிறான். நான்கு தொழிலாளர்களுக்குப் பதிலாக ஒருவனே நான்கு முறை வந்து நின்றிருக்கிறான். டெக்னீசியனுக்கு நான் செய்தது முழு அநியாயம். அப்புறம் தேதி வரிசைப்படி அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன்.

முதல் படத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இடது காரை எலும்புக்கு அடியில் லேசாக ஒரு வெண்மை. மூன்றாவதில் அது பஞ்சு ஒட்டியதுபோல. நான்காவதில் நாலணா அளவு. நான்கிலும் என் கையெழுத்தில் “இயல்பு” என்று எழுதியிருந்தேன். தனித்தனி ஆளாகப் பார்த்தபோது, எலும்பு மறைத்த அந்த நிழல் என் கண்ணில் படவே இல்லை. நான்குமே ஒருவன் என்று தெரிந்திருந்தால் முதல் வருடத்து மாணவன்கூடக் கண்டுபிடித்திருப்பான். இரண்டாம் சுற்றில் நான் டெக்னீசியனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மூன்று மாதமும் யாரோ ஒருவனுக்குக் காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

துறைத் தலைவரிடம் என் தவறைச் சொல்லி, டெக்னீசியனைத் திரும்ப வரவழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நான்கு படங்களையும் காட்டினேன்.

“இந்த ஆள் நாலு தடவை வந்திருக்காருங்க. உங்களுக்கு அடையாளம் தெரியலையா?”

“நெஞ்சைப் படத்துப் பக்கம் திருப்பித்தானுங்களே நிக்கறாங்க. நான் முதுகத்தானுங்க மேடம் பாக்கறன்.”

“முதுகு தெரியுமில்ல?”

“சட்டையக் கழட்டுனா எல்லா முதுகும் ஒண்ணுதானுங்க” என்றவர், கொஞ்ச நேரம் அந்த நாலணா நிழலையே பார்த்தார். “விசாரிச்சுப் பாக்கறனுங்க.”

மூன்றே நாளில் ஆளோடு வந்தார். மூன்று நாளில் எப்படிக் கிடைத்தான் என்று உள்ளே ஒரு முள் குத்தியது. இவருக்கு முதலிலிருந்தே தெரியுமோ? இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

வந்தவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மில்லில் பதிலி ஆள். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நின்று வேலை செய்பவன். என் பட்டியலில் பதிலிகள் இல்லை, அதனால் அவன் பெயரும் இல்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை.

“பர்மனென்ட் ஆளு வல்லீன்னா நாந்தானுங்களே போறது. மிசினுக்கும் அப்படித்தான், இதுக்கும் அப்படித்தானுங்க. மாமன் இருமிட்டு இருந்தாரு, நீ போய் நின்னுட்டு வா மாப்ளேன்னு தாட்டி உட்டாரு. அப்பறம் மத்தவங்களும் கூப்பிட்டாங்க. இதுல தப்பென்னுங்க?”

ஏமாற்று வேலை என்ற நினைப்பே அவனிடம் இல்லை. அவனுடைய உத்தியோகமே அடுத்தவர் இடத்தில் நிற்பதுதான். நெஞ்சில் நிழல் இருக்கிறது, இன்னொரு படம் எடுத்துச் சளியும் பரிசோதிக்கவேண்டும், ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றேன். மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய் நின்றான். நின்றவன் திரும்பினான்.

“ஏனுங்க டாக்டரம்மா, இது யாரு பேருக்குங்க?”

“உங்க பேருக்குத்தான்.”

கையை இறக்கிவிட்டான். “அப்ப வேண்டாமுங்க.”

“மில்லுக்குப் போகாதுப்பா.”

“தையில பர்மனென்ட் பண்றமுன்னு சொல்லியிருக்கறாங்க. ரெண்டு கொளந்தைங்க. எம்பேருல இப்பிடி ஒண்ணு இருந்தா பதிலி லிஸ்ட்டுலிருந்தே எடுத்துப்போடுவாங்க.” சட்டையைத் தேடிக்கொண்டே சொன்னான், “மாமங்கிட்டயும் மில்லுக்குப் போகாதுன்னுதானுங்க சொன்னீங்க. அவரு நம்பியிருந்தா நான் எதுக்குங்க இங்க வாரேன்?”

எங்கள் டைப்பிஸ்ட் அறிக்கையை மூன்று பிரதி அடிப்பார். ஒன்று எனக்கு, ஒன்று துறைத் தலைவருக்கு. மூன்றாவது எங்கே போகிறது? பால்காரரின் படியைச் சந்தேகப்படுகிற நான் அதை மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் மில் கதவு சாத்திவிடும், ஆராய்ச்சி நின்றுவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது போல. எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

அவன் சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்டான். டெக்னீசியன் சீட்டும் பேனாவுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பேருக்கு எடுங்க” என்றேன்.

“மேடம்?”

“என் பேரை எழுதுங்க. படம், சளி, மருந்துச் சீட்டு, எல்லாம் என் பேருக்கே இருக்கட்டும்.”

அவர் எழுதிக்கொண்டே, “வயசுங்க மேடம்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். பதிலி ஆள் சட்டையை மறுபடி கழற்றி, யாரும் சொல்லாமலே தோளை முன்னால் கொடுத்து, தாடையைத் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

சளியில் கிருமி இருந்தது. மாதாமாதம் நான் வாங்கும் மாத்திரைகளை டெக்னீசியன் அன்னூருக்குக் கொண்டுபோனார். இரண்டாம் சுற்றுப் படங்களில் எது யாருடையது என்று என்னால் உறுதி சொல்ல முடியாததால் என் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப்படாமலே போனது. தை மாதம் அவன் நிரந்தரமானான்.

மருத்துவமனையில் எந்த ரகசியமும் ஒரு வாரம் தாங்காது. டாக்டரம்மாவுக்கு டி.பி. என்று மருந்தகத்திலிருந்து பேச்சு கிளம்பியது. மத்தியானம் என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்கு நகர்ந்தார்கள். கேன்டீன்காரர் என் டீ டம்ளருக்கு அடியில் சிவப்புப் பெயின்ட் வைத்து, அதைத் தனியாக ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். ஆறு மாதமும் நான் அதில்தான் குடித்தேன்.