இரண்டு தட்டு

என் தம்பி குமரேசனின் காதுகள் இரண்டும் மடங்கிக் கெட்டியானவை. எட்டு வருடம் குஸ்திக் கோதாவின் மண்ணில் உரசிய காதுகள். 1991-ல் கான்ஸ்டபிள் ஆன பிறகும் பயிற்சியை அவன் விடவில்லை. தலையையும் பாதங்களையும் மட்டும் தரையில் ஊன்றி வில்லாக வளைவான். கூட்டாளி பலராமன் அவன் வயிற்றின் மேல் ஏறி உட்காருவான். மூச்சு முட்டும்போது குமரேசன் நூறு வரை எண்ணுவான்.

கோதாவில் ஒரு வழக்கம் உண்டு. பிடி தாங்காதவன் எதிராளியின் கையில் இரண்டு முறை தட்டினால் அக்கணமே விட்டுவிட வேண்டும். யோசித்தால் எலும்பு போய்விடும். குமரேசனின் கை யோசிக்காது.

1996 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அடி அண்ணாமலையில் என் சோடாக் கடைக்கு நீலச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். சுவரில் காக்கிச் சட்டையோடு இருந்த குமரேசன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போலீஸ்காரரு உங்க தம்பிங்களாக்கா?"

"ஆமாம்பா. இவன் பிடியிலேர்ந்து எவனும் வெளிய வந்ததில்ல."

"மாட்னா அவ்ளோதானா?"

"கைல ரெண்டு தட்டு தட்டணும். தூக்கத்துல தட்னாகூட விட்டுடுவான்" என்று பெருமையாகச் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. தன் முன்கையில் இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டே கடைக்குப் பின்னால் இருந்த கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனான்.

அரைமணி நேரத்தில் ஏட்டு முருகையனும் குமரேசனும் பைக்கில் வந்தார்கள்.

"அம்மா, நீலச் சட்டைக்காரன் யாராச்சும் வந்தானா? தருமன்னு பேரு. செங்கத்துல ஒருத்தன வெட்டிட்டு ஓடியாந்துட்டான்" என்றார் ஏட்டு.

என் கை தோட்டத்தைக் காட்டியது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக உள்ளே நுழைந்த பிறகுதான் தருமனிடம் நான் சொன்னது எனக்கே உறைத்தது. போட்டது போட்டபடி ஓடினேன்.

கரும்புக்கு நடுவே, குமரேசன் பின்னாலிருந்து தருமனின் கழுத்தை வளைத்திருந்தான். தருமன் அந்தக் கையில் தட்டினான். ஒன்று. இரண்டு.

"விடாதடா!" என்று கத்தினேன். கை அதற்குள் திறந்துவிட்டது.

இடது விலாவுக்குக் கீழே கத்தி இறங்கியது. குமரேசன் பின்வாங்கவில்லை. கத்தி பிடித்த கையை முறுக்கி, காலைப் பின்னிக் கீழே சாய்த்து, மறுபடியும் அதே கழுத்தைப் பிடித்தான். காக்கிச் சட்டை நனைந்துகொண்டிருந்தது. அவன் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. தருமன் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்.

முருகையன் ஓடிவந்து விலங்கு மாட்டினார். "குமரேசா, போதும் விடுப்பா" என்று அவன் தோளில் தட்டினார். விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"எண்பத்தி மூணு" என்றான் தம்பி. பிறகு மயங்கினான்.

பதினோரு தையல், பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. வேறு ஆளாக இருந்தால் வழியிலேயே போயிருப்பார் என்றார் டாக்டர். தருமனிடம் நான் சொன்னதைத் தம்பியிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"நீ உண்மையத்தானக்கா சொன்ன" என்றான்.

ஐப்பசியில் அவன் மறுபடி கோதாவுக்குப் போனான். மறுநாள் பலராமன் கடைக்கு வந்தான். கழுத்தைச் சுற்றிலும் கன்றிப் போயிருந்தது.

"இனிமே அவன்கூட நான் இறங்க மாட்டேங்க்கா" என்றான். "நேத்து தட்னேன். அவன் பாட்டுக்கு எண்ணிக்கினே இருந்தான்."