உறை கிழியும் முன்னே

ஆட்சேபணை சொல்வதற்கென்றே பிறந்தவன் எவரெட் கட்ஸ். நியூ ஹாம்ப்ஷயரில் எங்கள் ஊருக்கு வாய்த்த வரம் அவன். பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். மார்ச் மாத ஊர்த் தேர்தல் வந்தால் போதும், வாக்குச்சாவடியின் முன்வரிசையில் கையில் ஜாம் டோனட்டும் சட்டைப்பையில் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்துவிடுவான்.

நேரில் வர முடியாதவர்கள் அனுப்பும் ஓட்டு உறைகளைத் தேர்தல் நடத்துகிற நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை உரக்கப் படிப்பேன். ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்லி, காரணத்தை எழுதிச் சத்தியம் செய்து தர வேண்டும். ஏற்பதும் தள்ளுவதும் என் பொறுப்பு. கிழித்துச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டால் பிறகு எது யாருடையது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. "உறை கிழிஞ்சா கதை முடிஞ்சுது" என்று எனக்கே பாடம் எடுப்பான். அவன் வாய் நிறைய டோனட் இருக்கும் சமயம் பார்த்துச் சில பெயர்களை நான் வேகமாகப் படிப்பதுண்டு. எனக்கும் பொழுது போக வேண்டாமா?

அந்த வருஷம் ஊர்ச் சாலைகளைப் பராமரிக்கும் பதவிக்கு அவனே நின்றான். ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். இந்த முறையும் போனால் ஊரில் தலைகாட்ட மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். எதிரே நின்றவள் கோரின் ஹாஸ்கல்.

ட்வைட் பெர்லியின் உறையைத் தூக்கியதும் ஆட்சேபணை வந்தது. ஓட்டுச் சீட்டு கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தில் உள்ள கையெழுத்து ஒரு மாதிரி, உறையில் வேறு மாதிரி என்றான் எவரெட்.

"அவருக்குக் கை நடுங்குது, எவரெட். உனக்குத் தெரியாதா?"

"எழுத்து கோணலா இருந்தா ஆளும் கோணல்தான்."

ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்து உறையைக் கிழித்தேன். அடுத்த பெயரைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது: ஆர்டித் கட்ஸ், அவன் மனைவி. வீட்டு வாசலில் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் அக்கா வீட்டில் இருந்தாள். இடது கையால் போட்ட கையெழுத்து கோழி கிண்டிய குப்பை போல இருந்தது. நான் வேண்டுமென்றே காத்திருந்தேன். எவரெட் பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை.

"பாவம், கை உடைஞ்சவ," என்றான். கிழித்தேன்.

ஒரே ஒரு ஓட்டில் கோரின் ஜெயித்தாள். எவரெட் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாகிவிட்டது. முடிவு கேட்க அக்காவோடு வந்திருந்த ஆர்டித், மாவுக்கட்டுக் கையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம வாசல்ல பனிய வாருன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். வாசலையே வாராதவன் ஊர் ரோட்டயா வாரப்போற? கோரினுக்குத்தான் போட்டேன்."

எவரெட் மெதுவாக என் பக்கம் திரும்பினான். இப்போது ஆட்சேபிக்கலாமா என்று கேட்டான்.

ஆர்டித் கையெழுத்துப் போட்டிருந்த கிழிந்த உறையை அவன் மடியில் வைத்தேன்.