ஒரு நாள் காப்பிக்கொட்டை

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஆபீஸ் மாடியில் இருந்த முப்பது பேருக்குப் பதினாறு வருடமாகக் காப்பி கலக்கியவள் கிருஷ்ணம்மா. யாருக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஸ்டோர் கமலநாதனுக்குப் பாலும் ஆகாது, சீனியும் ஆகாது. கணக்குப் பிரிவு பிரவீனாவுக்குக் கால் கப் கெட்டிப்பால் ஊற்ற வேண்டும். கேட்டால் டயட்டில் இருப்பதாகச் சொல்வாள். எட்டரைக்குள் காப்பி மேசைக்குப் போகாவிட்டால் அந்த மாடியில் ஒரு காகிதம்கூட நகராது.

வேலை முடிந்தால் அடுக்குமாடி வீட்டில் அவள் தனி ஆள். கணவர் வீரமுத்து போய் ஏழு வருடம் ஆகிறது. ஒரே மகன் குணாளன் சிங்கப்பூரில் இருக்கிறான். பாலத்தைத் தாண்டினால் அவன் வீடு, ஆனால் அவன் வர நினைக்கும் நாளில் எல்லாம் பாலத்தில் ஜாம். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாது. ஐந்து நிமிடம் பேசுவான்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. கீழ்மாடியில் தனியாக இருந்த சீனக் கிழவர் குளியலறையில் விழுந்து இறந்துபோக, நான்கு நாள் கழித்து வாடை வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள். அதிலிருந்து குளிக்கப் போகும்போதெல்லாம் அவர் ஞாபகம். அந்தப் பயம் ஒரு மழைநாளில்தான் கொஞ்சம் தணிந்தது. அன்று பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. சரியாக ஒன்பதரைக்குக் கமலநாதன் கூப்பிட்டார்.

“அக்கா, எங்க இருக்கீங்க? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இங்க கோப்பி இல்லாம எல்லாரும் தலைய புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க லா.”

பஸ்ஸில் நின்றபடியே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்கு ஏதாவது ஆனால் ஒன்பதரைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். காப்பிக்காகத்தான் தேடினார்கள். இருக்கட்டுமே, தேடினார்கள் அல்லவா?

போன வருடம் ஆபீஸுக்குக் காப்பி மெஷின் வந்தது. ஊழியர் நலனுக்காகவாம். நிர்வாகத்தில் இருக்கும் லோஷினி அவளைத் தோளில் தட்டி மெஷினைக் காட்டினாள்.

“ஆன்டி, இனிமே ஒங்களுக்கு செரமமே இல்ல. தண்ணி பைப்புல வந்துரும். மேல இந்தப் பெட்டியில கொட்டைய மட்டும் நெறச்சி வச்சிடுங்க, போதும்.”

நல்ல பிள்ளை, நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். கிருஷ்ணம்மாவின் வேலையும் போகவில்லை. கூட்டவும் துடைக்கவும் இருந்தது. ஆனால் காப்பிக்கு வருகிறவர்கள் பட்டனை அழுத்தினார்கள், கைப்பேசியைப் பார்த்தார்கள், போனார்கள். முன்பு அவள் காப்பி கலக்கும் பேன்ட்ரி வாசலில் நின்று மகள் கல்யாணப் பேச்சுவரை சொல்லும் கமலநாதனும் அப்படியே. நாள் முழுக்க வாயைத் திறக்காமலே அவள் வீடு திரும்பினாள். வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைதோறும் பெட்டியை விளிம்புவரை நிரப்புவாள். சனி, ஞாயிறு விடுமுறை போக, அடுத்த வாரம் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. தவழ்ந்து வந்து கட்டிலில் ஏறினாள். போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. ஒன்பதரை ஆகட்டும், அவர்களே கூப்பிடுவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஒன்பதரை ஆனது. பத்தானது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டு காத்திருந்தாள். வலியைவிட அந்த மௌனம்தான் அவளை அழவைத்தது.

புதன்கிழமை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். பேன்ட்ரியில் கமலநாதன் கோப்பையோடு நின்றார். வாடிப்போன முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

“நேத்து கோப்பி நல்லா இருந்துச்சிக்கா,” என்றார் அவர் சிரித்தபடி. “கொட்டைய மாத்திட்டீங்களா?”

“இல்ல சார். அதே கொட்டைதான்,” என்றாள் கிருஷ்ணம்மா.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் இன்னும் ஒரு பிடி கிடந்தது. அவள் வராத இரண்டு நாளும் அவள் நிரப்பி வைத்த கொட்டைதான் எல்லாருக்கும் காப்பி கொடுத்திருக்கிறது. அவளைத் தேட விடாமல் செய்ததும் அதுதான்.

வியாழக்கிழமை முதல் அவள் பெட்டியை நிரப்புவதில்லை. தினமும் காலையில் வந்து, தன் பழைய கோப்பையால் அளந்து, அன்றைக்குப் போதுமானதை மட்டும் கொட்டுகிறாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மாலையில் அடியில் மிஞ்சியதையும் வழித்து எடுத்துவிடுகிறாள். மீதிப் பையை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

“ஏன் ஆன்டி, மொத்தமா போட்டுட்டா ஒங்களுக்கு வேல மிச்சம்தானே?” என்று லோஷினி ஒருநாள் கேட்டாள்.

“கொட்டை நமுத்துப் போயிரும்மா,” என்றாள் கிருஷ்ணம்மா.

இரவு படுக்கும் முன் சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் குளிக்கப் போகும்போது போனையும் உள்ளே எடுத்துப் போய், விழுந்தாலும் கைக்கு எட்டும்படி, தரையோரமாக வைக்கிறாள்.